பெயர் மறைத்த வள்ளல்

மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாங்காது அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களைத் திரும்பப் பெறுவதற்காகத் தூதர் இருவர் அனுப்பப்பட்ட வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அம்ரு இப்னுல் ஆஸ், அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆ என்னும் அவ்விருவரும் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். அன்றோ அவர்கள் குறைஷிகளின் தூதர்கள். மன்னர் நஜ்ஜாஷியைக் காணுமுன்பே அவருடைய பிரதானிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்தனர். பதப்படுத்திய தோற்பொருள்களை அன்பளிப்பாக வழங்கினர். அவையில் தமக்குச் சாதகமாகப் பேசுமாறு ஏற்பாடு செய்துகொண்டனர். எதிரே நின்ற ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களிடம் கொடுப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. தாங்கள் யார், யாரைப் பின்பற்றுகிறோம், ஏன் நாடு துறந்து வந்தோம் என்பவற்றை ஒளிவின்றி எடுத்துரைத்தார்கள். மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார்கள். மறுநாள் ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றிய கேள்வி எழுந்தபோது, கிறிஸ்தவ மன்னரின் மனம் நோகுமோ என்றஞ்சி விடையை மழுப்பவும் இல்லை. முடிவில் மன்னர் குறைஷிகளின் அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு நாடு மற்றொரு நாட்டின் உள்ளத்தைத் தன்பால் ஈர்க்க முயலும்போது மேற்கொள்ளும் வழிகள் இரண்டும் அந்த ஓர் அவையிலேயே வெளிப்பட்டுவிட்டன. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அறியாதவாறு அவரைச் சூழ்ந்திருப்போரை வசப்படுத்துவது ஒரு வழி. நான் இன்னார், என் கொள்கை இது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத் தீர்ப்பை அவருடைய மனச்சாட்சிக்கே விட்டுவிடுவது மற்றொரு வழி. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, நம் காலத்தில் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்னும் பெயரால் நடைபெற்றுவரும் அரசியற் பணியை, அரபு இலக்கிய உலகில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய விழைகிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் இப்பணியைத் தனித்துறையே அமைத்துச் செய்யத் தொடங்கின. பிரிட்டிஷ் கவுன்சில் 1934ஆம் ஆண்டில் தோன்றி, 1938-இல் கெய்ரோவில் அலுவலகம் திறந்தது. அதே 1938 ஜனவரியில் பி.பி.சி.யின் அரபு ஒலிபரப்புத் தொடங்கிற்று. இத்தாலியின் பாரி வானொலி அரபு மக்களிடையே செய்துவந்த பிரசாரத்தை எதிர்கொள்வதே அதன் உடனடி நோக்கம். அமெரிக்காவில் 1946-இல் செனட்டர் புல்பிரைட் கொண்டுவந்த சட்டம், உலகப்போர் முடிந்தபின் வெளிநாடுகளில் தேங்கிக் கிடந்த போர்க்காலப் பொருள்களை விற்ற தொகையைக் கொண்டு, மாணவரையும் ஆசிரியரையும் நாடு விட்டு நாடு அனுப்ப வழிவகுத்தது. 1950-இல் இந்தியாவும் அத்திட்டத்தில் சேர்ந்தது. சோவியத் அரசும் தன் நடனக் குழுக்களையும் நூல்களையும் உலகெங்கும் அனுப்பிற்று.

இவற்றையெல்லாம் வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடும் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லோம் நாம். பக்தாதில் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்க்கச் செய்து உலகுக்கு வழங்கிய சமுதாயம், அயல் அறிவுக்குக் கதவடைக்க எண்ணுதல் தகாது. அந்த மொழிபெயர்ப்புகளுக்கும் கலீஃபாக்களின் பொருளே துணை நின்றது. ஆகவே அரசின் பொருள் இலக்கியத்தைத் தீண்டலாமா என்பது நம் கேள்வி அன்று. எந்த நிலையில் அது நஞ்சாகிறது என்பதே கேள்வி.

பெய்ரூத்தில் ஓர் இதழ்

1950 ஜூன் மாதத்தில் மேற்கு பெர்லினில் ‘பண்பாட்டுச் சுதந்திரப் பேரவை’ என்றோர் அமைப்பு உருவாயிற்று. சோவியத் கம்யூனிசத்தை எதிர்த்துச் சிந்தனைச் சுதந்திரத்தைக் காப்பதே அதன் குறிக்கோள் என்று அறிவிக்கப்பட்டது. அதன் தலைமையகம் பாரிசில் அமைந்தது. மாநாடுகள், இசை விழாக்கள், எழுத்தாளர் பயணங்கள் எனப் பல பணிகளை அது நடத்தியது. அவற்றுள் தலையாயது இதழ் வெளியீடு. இலண்டனில் ‘என்கவுண்டர்’, பம்பாயில் ‘க்வெஸ்ட்’, ஆஸ்திரேலியாவில் ‘குவாட்ரன்ட்’ எனப் பல நாடுகளில் தரமான இதழ்கள் அதன் ஆதரவில் வெளிவந்தன.

அரபு உலகம் மட்டும் விடுபடுமா? 1961 அக்டோபரில் ரோம் நகரில் அரபு இலக்கிய மாநாடு ஒன்று அப்பேரவையின் முயற்சியால் கூடியது. ஈராக்கின் பெருங்கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப் முதலியோர் அதில் கலந்துகொண்டனர். மறு ஆண்டு 1962-இன் இறுதியில் பெய்ரூத்திலிருந்து ‘ஹிவார்’ என்ற இதழ் தோன்றியது. ஹிவார் என்றால் உரையாடல். அதன் ஆசிரியர் தவ்ஃபீக் ஸாயிக். 1923-இல் பிறந்து, பலஸ்தீனத்துத் திபேரியாவில் வளர்ந்து, 1948-இல் தாயகம் இழந்த கிறிஸ்தவக் குடும்பத்துக் கவிஞர் அவர். உரைநடைக் கவிதைக்கு அரபியில் வித்திட்டோருள் ஒருவர்.

ஹிவார் தரம் தாழ்ந்த பிரசார ஏடு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதிய கவிதையும் புனைகதையும் ஓவிய விமரிசனமும் அதில் இடம்பெற்றன. இளம் எழுத்தாளர்க்கு அது மேடையாயிற்று. பேரவையின் ஆதரவில் நடப்பதையும் அது அறிவித்தே இருந்தது. ஆயினும் தொடக்கத்திலிருந்தே ஐயக்குரல் எழுந்தது. பெய்ரூத்திலேயே 1953 முதல் வெளிவந்துகொண்டிருந்த, ஸுஹைல் இத்ரீஸின் ‘அல்ஆதாப்’ இதழ் ஹிவாரைக் கடுமையாகத் தாக்கியது. பேரவை பணம் தருகிறது. பேரவைக்குத் தருபவர் யார்? திரைக்குப் பின்னே மற்றொரு திரை இருப்பதாக அன்றே பலர் கருதினர்.

திரை விலகுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. 1966 ஏப்ரலில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேடு சி.ஐ.ஏ. உளவுத்துறை பற்றிய தொடர் கட்டுரைகளை வெளியிட்டபோது, பேரவைக்கு அத்துறையின் பணம் சென்றதைக் குறிப்பிட்டது. 1967-இன் தொடக்கத்தில் ‘ராம்பார்ட்ஸ்’ என்ற அமெரிக்க இதழ், மாணவர் சங்கத்துக்கு அதே துறை பணமளித்த செய்தியை அம்பலமாக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில், உளவுத்துறையில் அப்பிரிவை முன்னர் நடத்திய தாமஸ் பிரேடன் என்பவர், தாங்கள் பேரவைக்குள் ஆள் வைத்திருந்ததைத் தம் கட்டுரை ஒன்றில் பெருமிதத்துடன் ஒப்புக்கொண்டார். பேரவையின் நிருவாகச் செயலாளர் மைக்கேல் ஜோசல்சனே உளவுத்துறையைச் சேர்ந்தவர் என்பதும் வெளியாயிற்று. அறக்கட்டளைகளின் பெயரால் வந்த பணம் எங்கிருந்து புறப்பட்டது என்பது உலகுக்கு விளங்கியது.

‘என்கவுண்டர்’ ஆசிரியர்களான ஸ்டீபன் ஸ்பெண்டரும் பிராங்க் கெர்மோடும் பதவி விலகினர். ஆயினும் அவ்விதழ் பிறர் கையில் மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் நடந்தது. தவ்ஃபீக் ஸாயிக் 1967-இல் தம் இதழையே மூடிவிட்டார். அடுத்து ஜூன் மாதப் போர் வந்தது. அரபு நாடுகள் தோற்றன. பைத்துல் முகத்தஸ் பறிபோயிற்று. ஒரு கவிஞரின் மனவேதனைக்குச் செவிசாய்க்கும் நிலையில் அன்று எவரும் இல்லை. ஸாயிக் அமெரிக்கா சென்று கலிபோர்னியாவில் ஆசிரியப்பணி ஆற்றினார். 1971 ஜனவரியில், 47 வயதில், அந்நிய மண்ணிலேயே மறைந்தார்.

நாவலும் அதன் நிழலும்

ஹிவாரின் வாழ்வு ஐந்தாண்டுகூட நிறையவில்லை. ஆனால் அது மூடப்படுவதற்கு முன், 1966ஆம் ஆண்டில், அதன் பக்கங்களில் ஒரு நாவல் வெளிவந்தது. அதன் பெயர் ‘மவ்ஸிமுல் ஹிஜ்ரத்தி இலஷ்ஷிமால்’. ‘வடக்கு நோக்கி ஹிஜ்ரத் செய்யும் பருவம்’ என்று பொருள் கொள்ளலாம். ஆசிரியர் சூடானைச் சேர்ந்த தையிப் ஸாலிஹ். 1929-இல் வட சூடானில் நீலநதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இலண்டன் சென்று, நாம் மேலே குறித்த பி.பி.சி. அரபுப் பிரிவிலேயே பணியாற்றியவர். 1969-இல் அந்நாவல் ஆங்கிலத்தில் வந்தது. 2001-இல் திமிஷ்கிலுள்ள அரபு இலக்கியக் கழகம் அதனை இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான அரபு நாவலாகத் தேர்ந்தது. ஸாலிஹ் 2009-இல் இலண்டனில் காலமானார்.

இந்நாவலைக் குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்திருந்து வாசித்தல் இயலாது; அதில் அத்தகைய பகுதிகள் உண்டு. சூடானிலேயே ஒருகாலத்தில் அது தடை செய்யப்பட்டிருந்தது. இதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் நம் பொருளுக்கு அதைவிடத் தகுந்த நூல் வேறில்லை. ஏனெனில் பண்பாட்டுப் பரிமாற்றத்தின் விளைவையே அந்நாவல் கருவாகக் கொண்டுள்ளது.

கதை சொல்லும் இளைஞன் இங்கிலாந்தில் ஏழாண்டுகள் ஆங்கிலக் கவிதை பயின்று சொந்த ஊர் திரும்புகிறான். ஊரில் முஸ்தஃபா ஸஈத் என்ற புதியவர் ஒருவர் குடியேறியிருக்கிறார். அவர் 1898-இல், அதாவது கிட்சனரின் படை சூடானைக் கைப்பற்றிய அதே ஆண்டில், கார்ட்டூமில் பிறந்தவர். கூரிய அறிவு கண்டு ஆங்கிலேயர் அவரைக் கெய்ரோவுக்கும் பின்னர் இலண்டனுக்கும் அனுப்புகின்றனர். உதவித்தொகையில் வெளிநாடு அனுப்பப்பட்ட முதற் சூடானியர் அவரே என்று நாவலில் வரும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கூறுகிறார். இலண்டனில் பொருளியல் விரிவுரையாளராகிறார். தம்மைக் கீழ்த்திசையின் கனவாகவே காட்டி ஆங்கிலப் பெண்களை வசப்படுத்துகிறார். அவ்வாழ்வு கொலையிலும் சிறையிலும் முடிகிறது. பின்னர் இந்தச் சிற்றூரில் பழங்கதை மறைத்து உழவராக வாழ்ந்து, ஒருநாள் வெள்ளத்தில் காணாமற் போகிறார்.

அவர் பூட்டி வைத்திருந்த அறையைக் கதைசொல்லி இறுதியில் திறக்கிறான். வெப்பம் கொளுத்தும் சூடானில், ஆங்கிலேய வீடுகளிற் காணும் கணப்பு அடுப்போடு ஓர் அறை! சுவர் முழுதும் நூல்கள். அவற்றில் அரபு நூல் ஒன்றுகூட இல்லை. திருக்குர்ஆனும் அங்கே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஒருவழியாகவே நடந்த பரிமாற்றம் மனிதனை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதைக் காட்ட இந்த ஓர் அறை போதும். தன் வேதத்தையும் பிறர் மொழியின் வாயிலாக மட்டுமே அணுகக்கூடிய ஏழ்மை அது. செல்வம் நிறைந்த அறையில் நிற்கும் ஏழ்மை.

இந்நாவலில் இன்னொரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. முஸ்தஃபா ஸஈத் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்காக மத்திய கிழக்கில் பணிபுரிந்தவர் என்று ஒரு கூட்டத்தில் வதந்தி பேசப்படுகிறது. அது உண்மையா பொய்யா என்பதை நாவல் தீர்த்துச் சொல்லவில்லை. தீர்த்துச் சொல்லாமையிலேயே அதன் வலிமை இருக்கிறது. அந்நியரின் செலவில் கற்று, அந்நியரின் மேடையில் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி ஊர் என்றென்றும் ஐயுறும். அந்த ஐயத்தைத் துடைக்க அவரிடம் சான்று இராது. இதை எழுதிய நாவல், அதே ஐயத்துக்கு ஆளாகியிருந்த ஓர் இதழில், ஐயத்துக்கு ஆதாரம் வெளிவரத் தொடங்கிய அதே 1966-இல் அச்சேறியது. ஸாலிஹ் இதனை எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. நாவலை எழுதுபவர் இதழின் கணக்கேட்டைப் பார்ப்பதில்லை. எனினும் இன்று வாசிக்கும் நாம், நாவலின் பூட்டிய அறையையும் பேரவையின் பூட்டிய பெட்டியையும் பிரித்துக் காண இயலவில்லை.

இங்கே சிலர் வினவலாம்: உளவுத்துறையின் பணம் இத்தகைய நாவலை உலகுக்குக் கொணர்ந்தது என்றால், அப்பணத்தால் நன்மைதானே விளைந்தது? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நாவலின் ஒரு வரியைக்கூட அப்பணம் எழுதவில்லை என்பது உறுதி. மேற்கின் புகழைப் பாடுவதற்கு மாறாக, மேற்கு நம்முள் விதைத்த நோயையே அது படம்பிடிக்கிறது. புரவலர் விரும்பியது ஒன்று, விளைந்தது வேறொன்று. நல்ல படைப்பு புரவலரின் நோக்கத்தை மீறி நிற்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் விதை நல்லதாயிருந்ததற்காக நிலத்தைத் திருட்டுத்தனமாக உழுதவரைப் பாராட்டுவது முறையாகுமா? நாவல் தப்பிப் பிழைத்தது, இதழாசிரியர் பிழைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

மறுத்தோர் இருவர்

எகிப்தின் புகழ்வாய்ந்த சிறுகதையாசிரியர் யூசுஃப் இத்ரீஸ் அவர்களுக்கு 1965-இல் ஹிவார் தன் இலக்கியப் பரிசை அறிவித்தது. அவர் மறுத்துவிட்டார். அன்று அவரிடம் ஆவணச் சான்று எதுவும் இல்லை. பணத்தின் மூலம் பற்றிய ஐயமும், கெய்ரோவில் நிலவிய எதிர்ப்பும் மட்டுமே இருந்தன. ஐயத்தின் பேரில் மறுத்தார்; காலம் அவர் பக்கம் நின்றது.

இதற்கு எட்டாண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலேயே ஒரு கலைஞர் மறுத்த வரலாறும் உண்டு. கறுப்பினத்து இசைமேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கை அமெரிக்க அரசு சோவியத் நாட்டுக்குக் கலைத்தூதராக அனுப்பத் திட்டமிட்டிருந்தது. 1957 செப்டம்பரில் அர்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் படைவீரரை நிறுத்தினார். தென்னாட்டில் தம் மக்களை இவ்வாறு நடத்தும் அரசுக்காகத் தாம் அயல்நாடு சென்று பேச இயலாது என்று ஆர்ம்ஸ்ட்ராங் வெளிப்படையாக அறிவித்தார். பயணம் நின்றது. பின்னர் 1960-இல் அதே அரசின் ஆதரவில் அவர் ஆப்பிரிக்கா சென்றார். ஆயின் அதற்குள் தம் மறுப்பை உலகறியச் சொல்லி முடித்திருந்தார்.

இவ்விருவரையும் ஸாயிக் அவர்களோடு ஒப்பிட்டால் நம் பொருளின் உட்கிடை புலனாகும். ஆர்ம்ஸ்ட்ராங் தம்மை அனுப்புபவர் யார் என்று அறிந்திருந்தார். ஆதலால் மறுக்கவும் பின்னர் ஏற்கவும் அவரால் முடிந்தது. இத்ரீஸ் அறியாது ஐயுற்றார். ஐயமே அவருக்கு அரணாயிற்று. ஸாயிக் நம்பினார். பேரவைக்குப் பின்னிருந்த கரத்தை அவருக்கு எவரும் காட்டவில்லை. ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமையை, அவருக்கு உதவுவதாகச் சொன்னவர்களே அவரிடமிருந்து பறித்துவிட்டனர். சுதந்திரத்தின் பெயரால் நிறுவப்பட்ட அமைப்பு, ஒரு கவிஞரின் அடிப்படைச் சுதந்திரத்தையே களவாடியது என்பதே நம் குற்றச்சாட்டு.

ஸாயிக் அவர்கள்மீது நமக்கு ஒரு வருத்தமும் உண்டு. 1966 ஏப்ரலில் செய்தி வந்தபின் ஏறத்தாழ ஓராண்டு இதழ் தொடர்ந்தது. மறுப்புகளை நம்புவதற்கு அவருக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். தாம் பாடுபட்டு வளர்த்த இதழின்மீது எவருக்குத்தான் பாசம் இராது? எனினும் அமானத்தைச் சுமப்பவர் ஐயம் எழுந்த நாளிலேயே வாசகர் முன் கணக்கை விரித்துவைக்கக் கடமைப்பட்டவர் என்று எண்ணுகிறோம்.

பெயர் சொன்ன புலவர்

எதிர்த்தரப்பை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. ஹிவாரைத் தாக்கிய கெய்ரோவில் பத்திரிகைகள் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் பிடிக்குள் வந்துவிட்டன. ‘ஸவ்துல் அரப்’ வானொலி 1953 முதல் எகிப்திய அரசின் குரலாக முழங்கியது. அங்கும் புரவலர் அரசே. நம் தமிழ்நாட்டுக்கு மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த நூல்களை எண்ணிப் பார்ப்போம். கிர்கீசிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’, ‘முதல் ஆசிரியர்’ ஆகியவற்றை நம்மில் பலர் அவ்வழியாகவே படித்து நெஞ்சம் நெகிழ்ந்தோம். ஆனால் அவருடைய தந்தை ஸ்டாலின் ஆட்சியில் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை அந்நூல்களின் வாயிலாக நாம் அறியவில்லை. அவரைப் புதைத்த இடமே 1991-இல்தான் கண்டறியப்பட்டது.

ஆகவே, புரவலர் தம் பெயரைச் சொல்லிவிட்டால் உண்மை முழுதும் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் வேறுபடுகிறது. அந்நூல்களின் முகப்பிலேயே மாஸ்கோவின் பெயர் இருந்தது. வாசிப்பவர் அதைக் கண்டு, கதைக்கு எவ்வளவு, கட்சிக்கு எவ்வளவு என்று தாமே தரம் பிரித்துக்கொள்ள வழியிருந்தது. பெயர் மறைத்து வருபவர் அந்தத் தராசையே நம் கையிலிருந்து பறித்துவிடுகிறார்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கக் காரணமாயிருந்தவர் வள்ளல் சீதக்காதி என்பது மரபு. அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணைநின்றார். அவ்வள்ளலின் பெயரைப் புலவர் காப்பியத்துக்குள்ளேயே வைத்துப் பாடினார். கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியது போன்றதே இது. நன்றி கூறும் மரபு என்று மட்டுமே இதனைக் கொள்கிறோம். ஆழ்ந்து நோக்கின், இது வாசகருக்குப் புலவர் காட்டும் நேர்மையும் ஆகும். இந்த நூலுக்குச் சோறிட்டவர் இவர். இதை அறிந்துகொண்டே என் பாட்டை எடை போடுங்கள் என்பது அதன் உட்பொருள். பெயர் சொன்னதால் சீறாவின் பெருமை குன்றியதா? அபுல் காசிமின் புகழன்றோ அதனால் நிலைபெற்றது!

பேரவையைப் பின்னிருந்து நடத்தியோருக்கும் இவ்வழி திறந்தே இருந்தது. தங்கள் நாட்டின் பெயரைச் சொல்லி உதவியிருந்தால் சிலர் ஏற்றிருப்பர், பலர் மறுத்திருப்பர். ஏற்றவருடைய எழுத்து ஐயத்துக்கு இடமின்றி நின்றிருக்கும். மறைத்ததால் என்ன பயன் கண்டனர்? எகிப்து ஹிவாரைத் தன் எல்லைக்குள் தடை செய்தது. அரபு நாடுகளில் ‘உரையாடல்’ என்ற சொல்லே பலகாலம் ஐயத்துக்குரியதாயிற்று. அயல்நாட்டு எழுத்தாளரோடு உண்மையாகவே உறவாட விரும்பியவர்களும் பழிச்சொல்லுக்கு ஆளாயினர். அமெரிக்க அரசே அமைத்த குழு 1967 மார்ச்சில், கல்வி அமைப்புகளுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் இனி இரகசியமாகப் பணம் தரலாகாது என்று பரிந்துரைத்தது. நட்பைத் தேடிச் செலவிட்ட பொருள், நட்பின்மீதே நம்பிக்கையை அழித்தது. அரச தந்திரம் என்ற அளவிலும் இது தோல்வியே.

நாம் கேட்க வேண்டியவை

இவை பெய்ரூத்தின் பழங்கதைகள், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் பிள்ளைகள் அயல்நாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கின்றனர். நம் எழுத்தாளர்களுக்கு மாநாட்டு அழைப்புகள் வருகின்றன. பயணச் சீட்டும் தங்குமிடமும் அழைப்பவர் பொறுப்பு. சிற்றிதழ்கள் பணமுடையால் தடுமாறும் வேளையில், உதவ முன்வரும் அமைப்புகளும் இல்லாமல் இல்லை. மேற்கிலிருந்து வந்தாலும் கிழக்கிலிருந்து வந்தாலும், முஸ்லிம் நாடுகளிலிருந்தே வந்தாலும், அழைப்பை ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும். நம்மவர் பணம் என்பதால் கேள்வி கேளாது விடுதல் நேர்மை ஆகாது.

கேட்க வேண்டியவை மூன்று. தருபவர் யார்? அமைப்பின் பெயரைக் கேட்பதோடு நில்லாது, அவ்வமைப்புக்குத் தருபவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். ஹிவார் வீழ்ந்தது இந்த இரண்டாம் கேள்வியில்தான். அடுத்து, அவர் பெயரை நம் வாசகருக்கு நாம் அச்சிட்டுச் சொல்லலாமா? சொல்லலாகாது என்று தருபவர் கூறுவாராயின், அந்த நொடியிலேயே பேச்சை முடித்துவிடலாம். மூன்றாவதாக, அவருக்குப் பிடிக்காத ஒன்றை அவர் முன்னிலையிலேயே சொல்லும் துணிவும் உரிமையும் நமக்கு இருக்குமா? நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் நின்ற நிலை இந்த மூன்றாம் கேள்விக்கு விடையாகும். அவர்கள் அந்த மன்னரின் நாட்டில்தான் அடைக்கலம் பெற்றிருந்தார்கள். அவருடைய தயவில்தான் வாழ்ந்தார்கள். ஆயினும் அவருடைய மார்க்கத்தைப் பற்றிய கேள்விக்குத் தாம் நம்பிய உண்மையையே சொன்னார்கள்.

இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்குமாயின், தாராளமாகச் செல்லலாம், கற்கலாம், கற்பிக்கலாம். கல்விக்காகக் கடல் கடப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஆனால் போனவர் திரும்பி வரும்போது முஸ்தஃபா ஸஈதின் பூட்டிய அறையைத் தம்முள் சுமந்து வரலாகாது. அங்கிருந்து பெற்ற நூல்களோடு இங்கிருந்து கொண்டுசென்று கொடுத்த நூல்களின் பட்டியலும் அவர் கையில் இருத்தல் வேண்டும். கொடுக்க ஒன்றும் கொண்டு செல்லாதவர் மேற்கொள்ளும் பயணத்துக்குப் பரிமாற்றம் என்று பெயரிடுதல் பொருந்தாது.

தையிப் ஸாலிஹின் நாவல் இறுதியில் கதைசொல்லி நீலநதியின் நடுவே நீந்திக் களைக்கிறான். வடகரைக்கும் செல்ல முடியவில்லை. தென்கரைக்கும் திரும்ப முடியவில்லை. மூழ்கும் தறுவாயில், வாழ்வதென்று தானே முடிவு செய்து உதவி கேட்டுக் குரல் எழுப்புகிறான். அம்முடிவு அவனுடையது, எவரும் அவனுக்காக எடுத்தது அன்று. தவ்ஃபீக் ஸாயிக் அவர்களுக்கு மறுக்கப்பட்டது அந்த உரிமையே. செயல்களை நிய்யத்தைக் கொண்டு எடைபோடும் வல்லோன் அல்லாஹ், கொடுத்தவர் நோக்கத்தையும் பெற்றவர் நோக்கத்தையும் நன்கறிவான். நோக்கங்களை ஊடுருவிக் காணும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் ஏட்டின் முகப்பில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் கண் நமக்கும் உண்டு. அதையேனும் திறந்து வைத்திருப்போம்.